மூன்றாவது வாஷ்பேசின்

எனக்குக் கூட்டமாக உட்கார்ந்து சாப்பிடப் பிடிக்கும். இங்கிருந்து தொடங்கினால்தான் மற்றதெல்லாம் உங்களுக்குச் சரியாகப் புரியும், மேடம். அந்தப் பெண் கடைசியாக என்னிடம் என்ன பேசினாள் என்று அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தால் போதும் என்றீர்கள். அரைப் பக்கத்தில் அடங்காது. வாயால் சொல்லலாம் என்றால் நடுநடுவே சிரிப்பு வந்துவிடும், நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்வீர்கள். அதனால் எழுதியே தந்துவிடுகிறேன்.

என் ஊரில் ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷம் கோப்பு பார்த்தேன். என் மேஜைக்கு மூன்று பக்கமும் தடுப்பு. நாலாவது பக்கம் சுவர். வீட்டுக்கு வந்தால் நானும் ஃப்ரிட்ஜும்தான். அது உறுமும், நான் பதில் சொல்வேன். இதைச் சொல்வது இரக்கம் சம்பாதிக்க அல்ல. நல்ல ஃப்ரிட்ஜ் அது.

ஒருநாள் அலுவலகப் பலகையில் ஒரு அறிவிப்பு பார்த்தேன். வெளிநாட்டில் ஒரு குடும்பம், வீட்டைவிட்டு ஓடிவரும் பிள்ளைகளுக்காகத் தங்கள் சொந்த வீட்டின்மேல் மாடி எடுத்து, பத்துக் கட்டில் போட்டு ஒரு புகலிடம் கட்டுகிறது. கைகொடுக்க ஆள் வேண்டும், வேலை தெரியாவிட்டாலும் பரவாயில்லை, ஆறு வாரம் வந்தால் போதும். நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்தேன். பதினொரு மணி நேரம் விமானத்தில் உட்கார்ந்து வந்தேன். ஆறு வாரத்துக்கென்று வந்தவள் பதினொரு மாதமாக இருக்கிறேன்.

அந்தக் குடும்பத்தை உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன், அவர்களைப் பற்றிச் சொல்ல எனக்குப் பிடிக்கும். அண்ணனும் அண்ணியும் தையற்காரர்கள். பேருந்து நிலையத்தை ஒட்டி அவர்கள் கடை. காலையில் கடை திறக்க வந்தால் படிக்கட்டில் பிள்ளைகள் சுருண்டு கிடப்பார்களாம். "மழைக்கு ஒதுங்குனதுங்கன்னு நெனச்சோம். மழை விட்டும் போகல," என்பார் அண்ணி. கட்டடம் எதற்கு என்று யார் கேட்டாலும் இவ்வளவுதான் அவர் பதில். வீட்டைக் காலி செய்து, கடைக்குப் பின்னால் துணி அடுக்கி வைக்கும் அறைக்குக் குடிபோய்விட்டார்கள். அந்த அறையில் மூன்று பேர் படுத்தால் நாலாவது ஆள் நின்றுகொண்டுதான் தூங்க வேண்டும். மூன்றாவது ஆள் அண்ணியின் தம்பி. அண்ணன் அவரை மச்சான் என்று கூப்பிட்டதால் நாங்கள் எல்லோருமே மச்சான் என்றுதான் கூப்பிட்டோம், பெண்கள் உட்பட. ஒருமுறை சிமெண்ட் கடையில் நான் "மச்சான், இங்க வாங்களேன்" என்று கத்தியதில் கடைக்காரர் மூட்டையைக் காலில் போட்டுக்கொண்டார்.

தொண்டர்கள் நாங்கள் பதினான்கு பேர், ஆளுக்கொரு நாட்டிலிருந்து வந்தவர்கள். கீழ்த்தளத்துக் கூடத்தில் வரிசையாகப் பாய் போட்டுப் படுப்போம். இன்னும் மாட்டாத கதவுகள் இரண்டை டிரம்களின்மேல் வைத்து, அதைச் சாப்பாட்டு மேஜை ஆக்கியிருந்தோம். என் முழங்கை பக்கத்தில் இருப்பவர் விலாவில் இடிக்கும், எதிரில் இருப்பவர் கால் என் காலை மிதிக்கும். முதல் வாரம் கை முழுக்கக் கொப்புளம். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

குழாய் வேலை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பிளம்பர் மாமா. நாற்பது வருஷம் அதே தொழில் செய்து ஓய்வு பெற்று, அவரும் என்னைப்போலத் தொண்டராக வந்தவர். "பசையத் தடவு, உள்ள தள்ளு, கால் சுத்து திருப்பு, முப்பது எண்ணு. எண்ணலேன்னா பின்னாடி மூஞ்சில அடிக்கும்," என்பார். நான் முப்பத்தைந்து எண்ணுவேன். சும்மா சொல்லக்கூடாது, எனக்குக் கைவந்துவிட்டது. மூன்றாவது மாதத்தில் மாமா மேல்மாடிக் குளியலறைகளை என்னிடமே விட்டுவிட்டார். எனக்குக் குழாயக்கா என்று பெயர் வந்தது. நாற்பத்தாறு வயதில் முதல்தடவையாக ஒரு பட்டப்பெயர்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள், இது இல்லாவிட்டால் எதுவுமே நடந்திருக்காது. எங்களில் பாதிப் பேர் அதுவரை கொத்தனார் கரணையைக் கையால் தொட்டதில்லை. தினமும் ஏதாவது கோணலாகும். ஜன்னலைத் தலைகீழாக மாட்டினோம். கழிப்பறைக் கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டு, உள்ளே போன அண்ணனை முக்கால் மணி நேரம் பூட்டி வைத்தோம். யார் செய்தது என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது. அது அண்ணி போட்ட சட்டம். "செஞ்சவங்களுக்குத் தெரியும்ல, அது போதும். நாம சரி பண்ணுவோம்," என்பார். சாயங்காலம் டீ நேரத்தில் அன்றைய மிகப் பெரிய தப்புக்குக் கிரீடம் சூட்டுவோம், செய்தித்தாளை மடித்துச் செய்த கிரீடம். ஆளுக்கு அல்ல, தப்புக்கு. கோணல் சுவர் கிரீடத்தோடு நிற்கும், நாங்கள் சுற்றி நின்று கைதட்டுவோம். என் அலுவலகத்தில் ஒரு எண் தப்பினால் மூன்று கடிதம் வரும். இங்கே வயிறு வலிக்கச் சிரித்தோம்.

இரண்டாவது மாதத்தில்தான் அவள் வரத் தொடங்கினாள். பதினாறு வயது. சனிக்கிழமை மதியம் வருவாள், இருட்டுவதற்குள் ஓடிவிடுவாள். வாய் மூடவே மாட்டாள். மணல் சலித்துக்கொண்டே பேசுவாள், செங்கல் எடுத்துக் கொடுத்துக்கொண்டே பேசுவாள், வாயில் தண்ணீர் இருக்கும்போதும் பேசுவாள். மச்சான்தான் அவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்தார். அவள் அம்மா இறந்துவிட்டார். அம்மாவின் இரண்டாவது கணவரோடு இருந்தாள். அவரை அந்த ஆள் என்றுதான் சொல்வாள். அந்த ஆள் என்ன செய்வார் என்று அவள் நேராகச் சொன்னதில்லை. நாங்களும் அவள் கழுத்தைப் பார்க்காத மாதிரி இருந்துகொள்வோம். நலத்துறை அலுவலகத்தில் அவள் கோப்பு தயாராக இருந்தது. புகலிடம் திறக்கும் நாளிலிருந்து அவள் அங்கே தங்கலாம் என்று உத்தரவு. வந்ததும் முதல் வேலையாக, "இன்னும் எத்தன நாளு?" என்பாள். அண்ணி சுவரில் கரித்துண்டால் எழுதிய எண்ணைக் காட்டுவார்.

ஒன்பதாவது மாதம் வேலை முடிந்தது. எங்கள் அனுமதிச் சீட்டு கட்டட வேலை முடியும்வரைதான். பரிசோதகர் வந்து தண்ணீர், மின்சாரம், அவசர வழி எல்லாம் பார்த்துக் கையெழுத்துப் போட்டால், பிள்ளைகள் உள்ளே வருவார்கள், நாங்கள் பத்து நாளுக்குள் கிளம்ப வேண்டும். சோதனைக்கு முதல்நாள் எல்லோரும் பெட்டி கட்டினார்கள். பாய்கள் சுருட்டியிருந்தன. கூடம் பெரிதாகத் தெரிந்தது.

முதல் தடவை நடந்தது சத்தியமாக மறதி. சமையலறை மூலையில் ஒரு இணைப்புக்குப் பசையே தடவாமல் விட்டிருந்தேன். மோட்டாரைப் போட்டு அழுத்தம் ஏற்றியதும் குழாய் பிய்த்துக்கொண்டு போனது. தண்ணீர் நேராகப் பரிசோதகர் முகத்தில். அவர் கண்ணாடி பறந்துபோய்ச் சிமெண்ட் சட்டியில் விழுந்தது. பாவம், நல்ல மனிதர், அவரும் சிரித்துவிட்டார். அடுத்த தேதி மூன்று வாரம் கழித்துத்தான் கிடைக்கும் என்றார். மாலையில் அந்தக் குழாய்க்குக் கிரீடம் வைத்து, சுருட்டிய பாய்களை விரித்து, ஏழு மணிக்கெல்லாம் எல்லோரும் மேஜையைச் சுற்றி முழங்கை இடிபட உட்கார்ந்திருந்தோம். சனிக்கிழமை விஷயம் கேட்ட ரேடியோ, பரிசோதகர் மாதிரி கண்ணைக் கசக்கி நடித்துக் காட்டினாள். எல்லாம் கையைவிட்டுப் போனது என்று நினைத்த நேரத்தில் மூன்று வாரம் இலவசமாக வந்தது. யாருக்கு என்ன நஷ்டம் என்று யோசித்தேன். யாருக்கும் இல்லை என்று தோன்றியது.

இரண்டாவது தடவை ஒரு வாஷரை மட்டும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். சட்டைப் பொத்தான் அளவு ரப்பர் வளையம். அதைப்போய்ப் பெரிய குற்றம் என்றால் சிரிப்பார்கள். இன்னும் மூன்று வாரம்.

அந்தச் சனிக்கிழமை ரேடியோ உதடு வீங்கி வந்தாள். அண்ணி பார்த்துவிட்டார்.

"என்னம்மா இது?"

"கதவு இடிச்சிருச்சு அண்ணி. எங்க வீட்டுக் கதவுக்குக் கை இருக்கு."

சொல்லிவிட்டு அவளே முதலில் சிரித்தாள். மச்சான் எழுந்து வெளியே போய்விட்டார். அண்ணன் சொன்னார்: "இவள இன்னைக்கே இங்க வச்சுக்குவோம். வர்றது வரட்டும்."

இந்த இடத்தை நான் மறைக்க விரும்பவில்லை. சான்றிதழ் இல்லாமல் பதினெட்டு வயதுக்குக் குறைந்த யாரையும் தங்க வைக்கக் கூடாது. வைத்தால் அனுமதி மொத்தமாக ரத்தாகும். விதிமுறைப் புத்தகத்தில் அது பதினொன்றாம் பக்கம். இருபத்திரண்டு வருஷம் கோப்பு பார்த்தவள் இல்லையா, பக்கத்தைப் புரட்டிக் காட்டினேன். "ஒரு பிள்ளைக்காகப் பத்துப் பிள்ளைங்க எடத்தக் கெடுத்துடாதீங்க அண்ணா. மூணே வாரம்," என்றேன். நான் சொன்னது ஒவ்வொரு எழுத்தும் உண்மை. அண்ணன் என் தோளைத் தட்டி, "நல்லவேள நீ இருந்தம்மா," என்றார். அன்று முழுக்கக் காற்றில் மிதந்துகொண்டிருந்தேன்.

மூன்றாவது சோதனைக்கு முதல்நாள் வியாழக்கிழமை. வழக்கமில்லாத கிழமையில், மதியம் மூன்று மணிக்கு, ரேடியோ வந்தாள். முதுகில் பள்ளிக்கூடப் பை. உள்ளே ஒரு ஜோடித் துணியும் அம்மாவின் புகைப்படமும் இருப்பதாகச் சொன்னாள். அதை நாளைக்குக் கொண்டுவர முடியுமோ முடியாதோ என்று இன்றே கொடுத்துவிட்டுப் போக வந்தாளாம். நான் மேல்மாடியில் தனியாக இருந்தேன்.

"நாளைக்குக் கண்டிப்பா தெறந்துருவீங்கள்ல அக்கா?"

"திறந்துடுவோம்."

"ஏன்னா நான் அந்த ஆளுகிட்ட மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டேன். நாளைக்குப் போறேன், இனிமே உன் சோறு எனக்கு வேணாம்னு. கவர்மெண்டு பேப்பரக் காட்டினேன். அவரு சும்மா பாத்தாரு."

அவள் காது வரை சிரித்துக்கொண்டிருந்தாள். பையை என் கையில் திணித்துவிட்டு ஓடினாள். நாளைக்கு மட்டும் திறக்காவிட்டால் அவள் என்ன ஆவாள் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்பீர்கள். தெரியும். மாடிப்படியில் அவள் செருப்புச் சத்தம் அடங்குவதற்குள்ளேயே தெரிந்துவிட்டது.

நான்கு மணிக்குக் குரூப் போட்டோ. எல்லோரும் வெளியே வரிசையில் நின்று, முகவரிகளை மாற்றி மாற்றி எழுதிக்கொண்டு, "மறக்காதீங்க", "கட்டாயம் வரணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சு எப்படி முடியும் என்று எனக்குத் தெரியும். புது வருஷத்துக்கு ஒரு வாழ்த்து வரும், அடுத்த வருஷம் அதுவும் வராது. மேல்மாடியில் நடுக் குளியலறை, மூன்றாவது வாஷ்பேசின். அதற்குப் பின்னால் சுவரில் ஒரு பலகை மூடி, உள்ளே இரண்டு குழாய்களைச் சேர்க்கும் மரை. ஸ்பேனரை வைத்து முக்கால் சுற்று தளர்த்தினேன். மூடியை மாட்டினேன். நாலு நிமிஷம் ஆகியிருக்கும். "குழாயக்கா, சீக்கிரம்" என்று கீழிருந்து பதிமூன்று பேர் கத்தினார்கள். ஓடினேன். அந்தப் போட்டோவில் நான் நடுவில் இருக்கிறேன். இருப்பதிலேயே பெரிய சிரிப்பு என்னுடையதுதான்.

மறுநாள் மோட்டார் போட்டுப் பத்து நிமிஷத்தில் கீழ்த்தளக் கூரையிலிருந்து சொட்டத் தொடங்கியது. நேராக மின்பெட்டிமேல். பரிசோதகர் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டார், அதற்கே ஒரு சிரிப்பு. ஆனால் அண்ணி சிரிக்கவில்லை. "இன்னைக்கு ஒரு பொண்ணு வருதுங்க. திரும்பிப் போக முடியாது," என்றார். பரிசோதகர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரு மணி நேரம் உக்காந்திருக்கேம்மா. எங்க ஒழுகுதுன்னு கண்டுபிடிச்சு அடைங்க. அடைச்சுட்டீங்கன்னா கையெழுத்துப் போட்டுட்டுத்தான் போவேன்."

அந்த ஒரு மணி நேரம். மூன்று குளியலறைகள், ஒன்பது வாஷ்பேசின்கள், பதினான்கு தொண்டர்கள். ஆளாளுக்குச் சுவரில் காதை வைத்துத் தட்டினோம். மச்சான் தரையில் படுத்து முகர்ந்தார். ஒருவர் குழாயே இல்லாத ஒரு சுவரை உடைத்தார். நானும் தட்டினேன், நானும் ஓடினேன். என் முட்டியில் இன்னும் தழும்பு இருக்கிறது. யாரோ அவசரத்திலும் கிரீடம் செய்து ஒழுகும் கூரையில் ஒட்டினார்கள், அது நனைந்து பரிசோதகர் தலையில் விழுந்தது. சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. இருபது நிமிஷம் மீதி இருந்தபோது பிளம்பர் மாமா நடுக் குளியலறைக்குள் நுழைந்தார்.

"அந்தப் பக்கம் நான் பாத்துட்டேன் மாமா," என்றேன்.

"சரிம்மா," என்றார். நான் பார்த்துவிட்டேன் என்றால் அவருக்குப் போதும். அவர் கற்றுக்கொடுத்த கை இல்லையா. அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஐந்து நிமிஷம் உட்கார்ந்திருந்துவிட்டுப் பரிசோதகர் எழுந்தார். மூன்று வாரம். யார் செய்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

சாயங்காலம் அவள் வந்தாள். அண்ணி அழுதார். அண்ணன் மறுபடியும் வைத்துக்கொள்வோம் என்றார். நான் பதினொன்றாம் பக்கத்தை எடுக்கவேண்டிய அவசியம்கூட வரவில்லை, அவரே புத்தகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். நலத்துறைக்கு போன் செய்தார். வார இறுதி, யாரும் எடுக்கவில்லை. அவளை வீட்டில் விட்டுவர நானே முன்வந்தேன். பேருந்தில் அவள் பேசிக்கொண்டே வந்தாள். தெருமுனை வந்ததும் நிறுத்தினாள். நீங்கள் கேட்ட அந்தக் கடைசிப் பேச்சு இதுதான்:

"மூணு வாரந்தானே அக்கா. அதுவரைக்கும் வாயே தெறக்க மாட்டேன் பாருங்க. உங்க ரேடியோ ஆஃப்."

காதைத் திருகி அணைப்பதுபோல நடித்துக் காட்டினாள். நான் சிரித்தேன். அவள் தெருவுக்குள் நடந்துபோனாள்.

நான்கு நாள் கழித்து மச்சான் கடையிலிருந்து ஓடிவந்து சொன்னார். மாடிப்படியில் தவறி விழுந்தாள் என்று அந்த ஆள் சொன்னாராம். அதை நீங்கள் நம்பவில்லை, அவரைப் பிடித்து உள்ளே வைத்திருக்கிறீர்கள். மிகவும் சரி.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த வாரம் நன்றாக இருந்தது. அழுது வீங்கிய முகத்தோடு எல்லோரும் மேஜையைச் சுற்றி நெருங்கி உட்கார்ந்தோம். முன்பே ஊருக்குப் போய்விட்ட பழைய தொண்டர்கள் மூவர் விமானம் பிடித்துத் திரும்பி வந்தார்கள். பதினேழு பேர். அண்ணி என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தார். என் ஆயுளில் யாரும் என்மேல் அவ்வளவு பாரத்தைச் சாய்த்ததில்லை. நாலாவது சோதனையின்போது நான் எதையும் தொடவில்லை. மரையை முன்பே இறுக்கிவிட்டிருந்தேன். கையெழுத்து விழுந்தது. ஒருவர் விடாமல் கிளம்பிவிட்டார்கள். திறப்பு வரை நீ மட்டுமாவது இரு என்று அண்ணி கேட்டதால் நான் இருக்கிறேன்.

வரும் திங்கட்கிழமை திறப்பு. ஏழு பிள்ளைகளுக்கு உத்தரவு வந்திருக்கிறது. அதில் இரண்டு பேர் இப்போதே கடைப் படிக்கட்டில்தான் படுக்கிறார்கள். இந்தக் கூடத்தில் நான் ஒருத்தி உட்கார்ந்து எழுதுகிறேன். மோட்டார் உறுமுகிறது.

இதை நான் எழுதுவது மாமாவுக்காக. என் பக்கத்தை நான் பார்த்துவிட்டேன் என்று சொன்னதால், ஒழுகியது தன் வேலையில் வந்த குறை என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். விமான நிலையத்தில் என் கையைப் பிடித்து, "நாப்பது வருஷ கை, ஒரு பொண்ணக் கொன்னுடுச்சும்மா," என்றார். அந்தப் பாவம் அவருக்கு வேண்டாம். அவர் கை அல்ல, என் கை. தெரிந்தே செய்தேன்.

இரண்டை மட்டும்தான் வேண்டுமென்று தொட்டேன். ஆனால் அந்த வீட்டில் நான் போட்ட இணைப்புகள் இருநூறுக்கு மேல், எல்லாம் சுவருக்குள். இந்தக் காகிதம் உங்கள் கைக்கு வந்த பிறகு என் வார்த்தையை நம்பிச் சான்றிதழை அப்படியே விட்டுவைக்கப் பரிசோதகரால் முடியாது. விதிமுறைப் புத்தகத்தில் அதற்கும் ஒரு பக்கம் இருக்கிறது. சுவரையெல்லாம் உடைத்துப் பார்த்து மறுபடி பூச வேண்டும். மூன்று மாதமாவது ஆகும். பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கஷ்டம்தான், சின்ன வயசு, பொறுத்துக்கொள்வார்கள். வேலைக்குப் பழகிய ஆட்கள் வேண்டும். சாட்சி சொல்லவும் அவர்கள் எல்லோரும் வந்துதான் ஆக வேண்டும், இல்லையா. பதிமூன்று பேர் முகவரியும் பின்பக்கத்தில் தெளிவாக எழுதியிருக்கிறேன். முடிந்தால் எல்லோரையும் ஒரே நாளில் வரச் சொல்லுங்கள், மேடம்.